கொய்யா மரத்தடிக் குழாய்

எங்கள் வீட்டுக் குழாய் அழும். விடியற்காலையில் தண்ணீர் விடும்போது முதலில் காற்றுதான் வரும். அப்போது பிறந்த பிள்ளை வீறிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் பள்ளிக்கூட வாத்தியார். "துரு புடிச்ச பைப்பு, வேற ஒண்ணுமில்ல டோரதி" என்பார். பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையின் குரல்?

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடிய வருஷம் அவன் பிறந்தான். நிறைமாதக்காரி நான் எங்கே ஓடுவது? சாந்தோமில் இதே வீட்டில்தான் பெற்றேன். ஒரே ஒரு தடவை அழுதான். அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். இவர் அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன். அன்றைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பக்கத்தில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது, அது கண்ணில் படவில்லை. சாமியாரைக் கூப்பிட ஓடினார். நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மோட்சத்திலும் இடமில்லை என்றார்கள். பெயர்கூட வைக்காமல் கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். குழாய் அவனை ஒட்டித்தான் போகிறது. அந்த வழியாகத்தான் என்னைக் கூப்பிடுகிறான். எனக்குள் ஒரு பொல்லாத சந்தோஷம். மோட்சம் கதவைச் சாத்தினால் சாத்தட்டும், என் பிள்ளை என்னோடேயே இருப்பான்.

ஜப்பான் சண்டை முடிந்து, இரும்புக் குழாய் மறுபடி கடைக்கு வந்ததும், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து குழாய்க்காரர் கோதண்டபாணி வந்து பார்த்தார்.

"பைப்பு பூரா துரு புட்ச்சிப் பூட்ச்சிம்மா. புச்சு போட ரெண்டு வழி கீது. கொய்யா மரத்தாண்ட நேரா வந்தா சுளுவு. செவுத்த சுத்திக்கினு போனா வளைவு ஜாஸ்தி, தண்ணி மெதுவாத்தான் வரும்."

"சுத்தியே போடுங்க" என்றார் இவர், மரத்தின் பக்கம் பார்க்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிப் போனால் அவன் குரல் எனக்கு எப்படிக் கேட்கும்?

"மரத்தடியிலதான் போகணும். அங்கயே ஒரு குழாயும் வேணும்."

"தோண்டினா அவன்மேல பட்டுடும், டோரதி."

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னு காட்டறேன்."

கோதண்டபாணி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "கொயந்தையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். மரத்தடி வந்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். அவனைத் தொடாமல் புதுக் குழாயைப் பதித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் மரத்தடிக் குழாயைத் திறந்தேன். அழுதான். புத்தம்புதுக் குழாய், பொட்டுத் துரு கிடையாது, அதே குரல். இவர் செருப்புகூடப் போடாமல் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"இதுவும் துருவா?" என்று கேட்டேன்.

காற்று அடங்கித் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மனுஷன் அப்படியே மண்டியிட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி மண்மேல் ஊற்றி, பெயரில்லாத பிள்ளைக்குப் பெயரும் வைத்தார்.

"வில்லியம், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும்..."

"ஐயோ, வேணாங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்று விம்மினார். "அழறானே, டோரதி. அழறவன் எப்படிச் செத்தவன் ஆவான்?"

அன்றிலிருந்து குழாய் அழுவதில்லை. தினமும் விடியலில் போய்த் திறந்துவிட்டு நிற்கிறேன், வெறும் தண்ணீர் வருகிறது. வில்லியம் மோட்சத்துக்குப் போய்விட்டான் என்று இவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பாவி மனுஷன், பெற்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார்.