பூந்தொட்டிக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர்

லிஃப்ட் மெக்கானிக் ஜொங்நானுக்கு ஊரில் வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு வசதி இருந்தது. சியோல் நகரத்தில் எந்தக் கட்டடத்தின் நிலவறைக்குள்ளும் மொட்டைமாடிக்கும் அவள் பாட்டுக்குப் போய் வரலாம். லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவளை எங்கே போகிறாய் என்று யார் மறிக்கப் போகிறார்கள்? போகிற இடத்திலெல்லாம் மூலையில் கிடக்கும் பழைய சாமான்களை ஒரு நோட்டம் விட்டு வைத்துக்கொள்வாள்.

அந்த நோட்டத்தை நம்பித்தான் கிதேக் அவள் பின்னால் அலைந்துகொண்டிருந்தான். அவன் கிட்டார்க்காரன். கல்யாண மண்டபம், மீன் சந்தைத் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா என்று பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்துப் பிழைப்பவன். கடையில் விற்கிற ஆம்ப்ளிஃபயர் எதிலும் தன் விரலின் தொடுகை கேட்கவில்லை என்பது அவனுடைய பல வருட முறையீடு. கையால் செய்து விற்கிற, பழைய ரேடியோவில்போல் கண்ணாடி வால்வு வைத்த வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் வாங்க அவனுக்கு வக்கில்லை. "வாங்க முடியலன்னா செஞ்சுக்க வேண்டியதுதானே" என்று ஒருநாள் ஜொங்நான் சொல்லப்போக, அந்தப் பேச்சு அவள் தலையிலேயே விடிந்தது. அவளுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வால்வு சூடேறும்போது வருகிற அந்த ஆரஞ்சு வெளிச்சத்துக்காக எவ்வளவு தூரமும் நடப்பாள்.

மின்சாமான் கடைகள் நிறைந்த செவுன் வளாகத்தின் மூன்று மாடிகளையும் இருவரும் சலித்து எடுத்தாகிவிட்டது. வால்வுகள் ஒரு கடையில், அவற்றை உட்கார வைக்கும் பீங்கான் சாக்கெட்டுகள் இன்னொரு கடையில், கண்டென்சர்கள் படிக்கட்டுக்கு அடியில் பெட்டி போட்டு விற்பவரிடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தகரப் பெட்டியை அவளே மடித்துத் துளையிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பார்வைக்கு வெறும் இரும்புக் கட்டி. ஆனால் வால்வில் பிறக்கிற சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் ஸ்பீக்கரில் இறங்க வேண்டும். அது சோடை போனால் மற்றதெல்லாம் தங்கமாக இருந்தும் பிரயோசனம் கிடையாது. கடைகளில் கிடைத்த இரண்டை வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். ஒன்று சளி பிடித்த மாதிரி பாடியது. இன்னொன்று பல்லைக் கடித்தது.

"விட்டுருவோம்க்கா. ஏதாவது ஒண்ணை மாட்டிக் குடு, நான் வாசிச்சுக்கிறேன்" என்றான் கிதேக்.

"ஏதாவது ஒண்ணு வேணும்னா கடையிலேயே வாங்கியிருக்கலாமேடா. என் முழங்கால் தேய்ஞ்சது எதுக்கு?"

வசந்தம் தொடங்கிய சமயம் அவளிடமிருந்து போன் வந்தது. இஞ்சொன் துறைமுகத்துப் பக்கம் ஒரு லிஃப்டைப் பார்க்கப் போனவள், நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஓர் அழகு நிலையத்தின் கண்ணாடிக்கு உள்ளே எதையோ பார்த்திருக்கிறாள்.

"பூந்தொட்டிக்கு அடியில என்ன வச்சிருக்காங்க தெரியுமா? பழைய சினிமா கொட்டகை ஆம்ப்ளிஃபயர். நம்ம வால்வு ரகந்தான். கிட்டாரை எடுத்துட்டு வா."

"கிட்டார் எதுக்கு?"

"வான்னா வா."

அழகு நிலையத்தின் சொந்தக்காரி பெயர் மியோக். அறுபதை நெருங்கியவள், நாக்கில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பேசுகிறவள். அந்தக் கட்டடம் முன்பு சினிமா கொட்டகையாக இருந்ததாம். மியோக் கடையை எடுத்தபோது, யாராலும் தூக்க முடியாமல் அந்த இரும்புப் பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. அதன் மேல் ஒரு ரப்பர் செடி செழிப்பாக வளர்ந்திருந்தது.

"தூக்கிட்டுப் போங்க, புண்ணியமா போகும். பதிலுக்குச் செடிக்கு ஒரு முக்காலி வாங்கிக் குடுத்துருங்க, போதும்" என்றாள் மியோக்.

கிதேக்குக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தேவிட்டான். ஜொங்நான் அசையவில்லை. மண்டியிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். தரையில் கிடந்த வெட்டு முடியெல்லாம் அவள் பேண்டில் ஒட்டியது.

"அக்கா, தூக்கலாமா?"

"இரு. இதுல பாதி கண்டென்சர் ஊதிப்போச்சு, அவ்வளவுதான். மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

"நமக்கு டிரான்ஸ்ஃபார்மர் மட்டுந்தானே வேணும்."

"எப்படிப் பாடும்னு ஒருதடவைகூடக் கேக்காம அறுத்து எடுக்கச் சொல்றியா? நீ மனுசனாடா?" பிறகு மியோக்கைப் பார்த்துக் கேட்டாள். "முதலாளியம்மா, அடுத்த வாரம் சாமான் கொண்டுவந்து இங்கேயே வச்சு இதை ஒருதடவை ஓட்டிப் பாக்கலாமா?"

"கடை பத்திக்கிட்டு எரியாதுன்னா சரி" என்றாள் மியோக்.

சொன்னபடியே அடுத்த வாரம் ஜொங்நான் வந்தாள். கிதேக் கிட்டாரையும் ஒரு ஸ்பீக்கரையும் சுமந்து வந்தான். புதுக் கண்டென்சர்கள், நூறு வோல்ட் காலத்துச் சாமானுக்கு வேண்டிய மின்குறைப்பான், ஒரு பெரிய குண்டு பல்பு எல்லாம் அவளுடைய பையில் இருந்தன. காலையிலிருந்து மதியம் வரை தரையில் உட்கார்ந்து பற்றவைத்தாள். பெர்ம் போட வந்து தலையெல்லாம் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ணு வேலை செய்யுது, ஆம்பளை நின்னு பாக்குறாரு" என்றாள் ஒருத்தி.

"அவரு கலைஞராம், கை அழுக்காகக் கூடாதாம்" என்றாள் அடுத்தவள்.

கிதேக் காது சிவக்க, குனிந்து கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டான்.

குண்டு பல்பை நடுவில் மாட்டி மின்சாரத்தை ஏற்றினாள். உள்ளே எங்காவது கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். பல்பு ஒரு கணம் எரிந்து, பிறகு மெல்ல மங்கியது. வால்வுகளின் அடியில் ஆரஞ்சு நிறம் ஊறியது. முடி உலர்த்தும் இயந்திரத்தைக்கூட மியோக் அணைத்துவிட்டாள்.

"வாசி" என்றாள் ஜொங்நான்.

கிதேக் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு நின்றான். அந்த ஓசை வட்டமாக எழுந்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, அவசரமே இல்லாமல் அடங்கியது. அவன் விரல் நகம் கம்பியில் உரசியதுகூட அதில் இருந்தது. இருபது வருடமாக நான் இப்படித்தான் வாசித்திருக்கிறேனா என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு நிறுத்தவே முடியவில்லை. பெர்ம்காரப் பெண்கள் பாட்டுப் பெயராகச் சொல்லச் சொல்ல வாசித்தான். ஒருத்தி சுருள் ஆடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆடினாள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசித்து முடித்ததும் மியோக் ஒரு ஈரத்துணியை எடுத்து வந்து ஆம்ப்ளிஃபயரின் நெற்றியைத் துடைத்தாள்.

"இதை நான் தரமாட்டேன்" என்றாள்.

கிதேக் திடுக்கிட்டான். "முதலாளியம்மா, தூக்கிட்டுப் போன்னு சொன்னீங்களே."

"போன வாரம் அது இரும்பு. இப்பப் பாடுது. பாடுற ஒண்ணை அறுத்துப் போடுன்னு எந்த வாயால சொல்லுவேன்? நாளைலேருந்து என் கடையில ரேடியோ இதுலதான்."

ஜொங்நான் கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அதுதான் கிதேக்குக்கு ஆறவில்லை. திரும்பும் ரயிலில் வெடித்துவிட்டான்.

"நீ அதைச் சரிபண்ணாம இருந்திருந்தா இந்நேரம் டிரான்ஸ்ஃபார்மர் நம்ம மடியில இருந்திருக்கும்."

"ஆமா."

"அந்தம்மா தரமாட்டாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சரிபண்ணின?"

"உசுரோட இருக்கிறதை அறுத்து உனக்கு ஒரு பொட்டி செஞ்சு குடுத்தா, அதுல நீ வாசிக்கிறப்ப எனக்குக் கேக்கப் பிடிக்காதுடா" என்றாள். "அதே மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் இன்னொண்ணு நாமளே செய்ய முடியுதான்னு பாப்போம். முடியலன்னா அப்புறம் திட்டு."

கிதேக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேசாமலேயே இறங்கிப் போனான். சில நாள் அவளுடைய போனையும் எடுக்கவில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் வாடகை ஆம்ப்ளிஃபயரில் வாசித்தபோது தன் கிட்டாரில் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. மறுநாள் அவனாகவே இஞ்சொனுக்கு ரயில் ஏறினான். ஜொங்நான் அங்கே இருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கு அன்றைக்கு விடுமுறை.

இருந்தாள். அதே தரையில் மண்டியிட்டு, வாடிக்கையாளர் ஒருவரின் காலை நகர்த்தச் சொல்லிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரை அளந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் சிறிதளவு மின்சாரம் கொடுத்து மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தாள். இரும்புத் தகடுகளின் கனத்தையும் கம்பியின் பருமனையும் அளவுகோலில் எடுத்தாள். எதையும் கழற்றவில்லை, கீறவில்லை. அவனைப் பார்த்ததும், "வந்துட்டியா, டார்ச்சைப் பிடி" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

செவுன் வளாகத்துக்குப் பின்சந்தில், கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டும் தாக் என்பவரிடம் போனார்கள். அவர் புலம்பிக்கொண்டே வேலை செய்கிறவர். அவள் கொடுத்த அளவுப்படியே கட்டிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் அடிநாதம் அப்படியே வந்தது. மேல் ஸ்தாயி மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

"கணக்குப்படி ஒரு சுத்துகூடக் குறையல. உங்க காதுலதான் கோளாறு" என்றார் தாக்.

"கணக்கு சரிதான் முதலாளி. எனக்கும் அதான் புரியல" என்றாள் ஜொங்நான். ஆனால் அவள் நடை அப்போதே இஞ்சொன் பக்கம் திரும்பிவிட்டதைக் கிதேக் கவனித்தான்.

இந்த முறை மியோக்கிடம் ஒரு கைக்கண்ணாடியை இரவல் வாங்கினாள். டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்பக்கத்தில் மெழுகுக் காகிதம் ஒரு மூலையில் பிய்ந்திருந்தது. தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, கண்ணாடியை உள்ளே நீட்டி, அந்தக் கிழிசல் வழியே காயிலின் ஓரத்தைப் பார்த்தாள். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். பிறகு படுத்தபடியே சிரித்தாள்.

"மெல்லிசுக் கம்பி, தடிசுக் கம்பி, திரும்ப மெல்லிசு, திரும்பத் தடிசு, கடைசியா மெல்லிசு. ஒண்ணு மேல ஒண்ணா முழுசா சுத்தலடா இவங்க. துண்டு துண்டா பிரிச்சு அடுக்கியிருக்காங்க. அதான் மேல்சத்தம் தொலையாம வருது."

"இதை யாரு கட்டினாங்களோ" என்றான் கிதேக்.

"யாரோ. ரொம்பப் பொறுமைசாலி" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு மரியாதையை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. அவனுக்கோ காயிலைக் கட்டியவரைவிட, தலையில் முடித்தூளோடு தரையில் கிடக்கிறவள் மேல்தான் மரியாதை வந்தது. எழுந்திருக்கக் கை கொடுத்தான்.

தாக் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "அஞ்சு அடுக்கா? இதுக்கு நீ என்னை உன் லிஃப்ட் குழிக்குள்ள தள்ளி விட்டுரலாம்."

"தள்ளிருவேன், கட்டி முடிச்ச பிறகு."

அவர் முணுமுணுத்தபடி முதல் காயிலைப் பிரித்தார். ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதம் வெட்டிக் கொடுக்க ஜொங்நான் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாதி வழியில் தாக் புலம்புவதை நிறுத்திவிட்டார். முடித்ததும் அதைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் வந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாட்டி வாசித்த அன்றைக்குத் தாக்கும் கடையை மூடிவிட்டு வந்தார். அது சினிமா கொட்டகைப் பெட்டியைப்போல் பாடவில்லை. அதைவிடச் சற்று இளமையான, துடுக்கான குரல். ஆனால் அதில் அவன் விரல் இருந்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகச் சொன்னது, அழுத்தினால் சீறியது. கிதேக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கண்ணைத் திறந்தபோது தாக் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஜொங்நான் பெட்டியின் பின்னால் குனிந்து வால்வுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் கடலோர ஊர் ஒன்றில் கணவாய் மீன் திருவிழா. கிதேக் அந்தப் பெட்டியை முதன்முதலாக மேடைக்குக் கொண்டுபோனான். இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகி திரும்பி அவனைப் பார்த்தாள். பின்னால் வாசிப்பவர்களைப் பாடகிகள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் தனக்குரிய ஒரு சரணத்தை விட்டுக்கொடுத்து, வாசி என்று கையைக் காட்டினாள். கணவாய் வறுக்கிற அடுப்புகளுக்குப் பின்னாலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இறங்கியதும் டிரம்ஸ்காரன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எந்தக் கம்பெனி அண்ணே? பேரே காணோம்."

"ஜொங்நான்" என்றான் கிதேக்.

"இத்தாலியா?"

கிதேக் சிரித்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டான். ஏதோ கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றிருப்பாள் போலிருக்கிறது, குரல் எதிரொலித்தது. பாடகி திரும்பியதை, சரணம் கொடுத்ததை, இத்தாலியை எல்லாம் சொன்னான். ரயிலில் சண்டை போட்டதற்கு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று தொண்டையைச் செருமினான்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று குறுக்கே பேசினாள் ஜொங்நான். "கடல் காத்துல டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கு? தொட்டுப் பாத்தியா? கொதிக்கக் கூடாது."

அவன் குனிந்து தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"வெதுவெதுப்பா இருக்கு அக்கா."

"அப்ப சரி" என்றாள் அவள். "லிஃப்ட் வருது, வச்சிரட்டுமா."