உயிரோடு எத்தனை பேர்

பெற்றது எத்தனை என்று வாத்தியார் கேட்டார். இரண்டு என்றாள் சந்திரம்மாள்.

"உசிரோட இருக்கறது எத்தனை?"

அவள் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "யாரும் இல்லீங்க" என்றாள்.

பேனா கீறும் சத்தம் கேட்டது. வாத்தியார் காகிதத்தைத் திருப்பி ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அது வியாழக்கிழமை மத்தியானம். நாற்பத்தொன்றாம் வருஷத்து ஜனக்கணக்கு. முனிசிபல் பள்ளிக்கூடத்துச் சௌரிராஜன், மை புட்டியும் தகரப் பெட்டியுமாகப் பாலக்கரைச் சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்கு முன்பே தெருக் குழாயடியில் ரோசம்மாள் செய்தி சொல்லியிருந்தாள். பதினெட்டு வயதான ஆண்பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு போய்ச் சண்டைக்கு அனுப்பப்போகிறார்களாம். ரோசம்மாளுக்கு மூன்று மகன்கள். குடத்தை இடுப்பில் வைத்தபடி, எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

சந்திரம்மாளுக்கு அது முதலில் கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. புருஷன் போனபின், சுருட்டுக் கம்பெனியில் புகையிலை நரம்பு உரித்து வளர்த்த ஒரே பிள்ளை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் எஞ்சினுக்குத் தகடு தூக்கும் கலாசி வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவனைக் கப்பலேற்றக் கொடுக்க முடியுமா?

அன்று சாயங்காலம் அவன் கைகால் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு விளங்கியது; தன் பங்குச் சோற்றைப் பானையிலேயே விட்டுவிட்டாள். ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பம்பாய்க்குப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதோ வேறு. சர்க்கார் காகிதத்தில் அவளுடைய மகன் செத்துப்போய்விட்டான். சொன்னது அவளுடைய வாய்.

அவளுடைய முதல் குழந்தை ஒன்பதாம் நாள் கண்ணை மூடியது. அதனால் இரண்டாவது பிறந்ததுமே மருத்துவச்சி அதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்தாள். பக்கத்து வீட்டு வீரம்மாள் படி தவிட்டுக்கு அதை வாங்கிக்கொண்டு போனாள். சந்திரம்மாள் மறுபடி தவிடு கொடுத்து வாங்கி வந்தாள். குப்பமுத்து என்று பெயர் வைத்தாள். வேண்டாத பிள்ளை, விலைபோன பிள்ளை என்று எமனை நம்பவைத்து இருபது வருஷம் காப்பாற்றினாள். அவனை இப்போது அவளே ஒரு வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் கை வேலை செய்தது, காது பொன்மலையில் வேலை விடும் சங்குக்கே காத்திருந்தது. சனிக்கிழமை அவன் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். தகடு கீறிவிட்டது, ஒன்றுமில்லை என்றான். துணியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ரத்தம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டாள்.

வாத்தியார் வீடு அங்கே வடக்கு உத்திர வீதியில் என்பது குழாயடிக்கே தெரியும். காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தாள். மாசி மாதத்து ஆறு மணலோடு ஒட்டிக் கிடந்தது. சண்டைக்குப் போனால் திரும்பி வரவும் கூடும். இல்லாதவனாகிவிட்டவன் எங்கிருந்து வருவான்? இதையே நினைத்துக்கொண்டு நடந்ததில் திருவானைக்காவல் தாண்டியதே அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் மனைவி கமலவல்லி நிமிர்ந்து பார்த்தாள். ஜனக்கணக்கு விஷயம் என்றதும் சிரித்தாள். "ஒரு மாசமா ஊரையெல்லாம் எண்ணிண்டிருக்கார். என்னைத்தான் இன்னும் எண்ணலை" என்றாள். பூஜையில் அவர் பெருமாளுக்கு அமுது செய்விக்கும் நேரம், கொஞ்சம் இரு என்று நிழலைக் காட்டினாள்.

சௌரிராஜன் தகரப் பெட்டியோடு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் சந்திரம்மாள் சொல்லிவிட்டாள்.

"சாமி, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். எனக்கு மகன் இருக்கான். குப்பமுத்துன்னு பேரு. இருபது வயசு. பொன்மலையில கலாசி. சண்டைக்கு அனுப்பினாலும் அனுப்புங்க. உசிரோட இருக்கான்னு எழுதிடுங்க."

அவர் கோபிக்கவில்லை. கட்டைப் பிரித்து ஒரு சீட்டை உருவி எடுத்தார். பெற்றது என்ற இடத்தில் இரண்டு இருந்தது. அதற்கடுத்த இடம் வெறுமையாக இருந்தது. சீட்டைத் திருப்பி மனைவியிடம் நீட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைக் கமலவல்லி உரக்கப் படித்தாள்: "கொடியில் காக்கி நிஜார்."

சந்திரம்மாளுக்கு உடனே புரியவில்லை. அன்று துணிக்கொடியில் மகனுடைய நிஜார் காய்ந்துகொண்டிருந்தது நினைவு வந்தபோது வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்க சந்துல பதினோரு தாயார். ஒருத்திக்கும் ஆம்பளைப் பிள்ளை கிடையாதாம்" என்றார் சௌரிராஜன். "பத்து வருஷத்துல வீடு ரெண்டு மடங்கு ஆயிருக்கு. வாசலுக்கு ஒரு சைக்கிள் நிக்கறது. கூட்டிப் பார்த்தா பொம்மனாட்டிகள் மட்டும்தான் குடியிருக்கா. அப்போ காலம்பர பொன்மலைக்குப் போறவாள்லாம் எஞ்சின் பெத்ததா?"

சாயங்காலம் அங்கே மறுபடி போவதாகத்தான் இருந்தாராம். மேலே போவது எண்ணிக்கைதான், பெயரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். அதை அவள் முழுக்க நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்காக அவள் வரவில்லை.

அவர் பேனாவை மையில் தோய்த்து எழுதினார். எது அவன் என்று அவள் கேட்டாள். ஈரம் காயாத ஒன்று என்ற எண்ணை விரலால் தொடாமல் காட்டினார். அதன் பக்கத்தில் இரண்டு. அந்த இரண்டுக்குள் ஒன்பது நாள் இருந்த பெண்ணும் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றிக் கேட்டது இந்தக் காகிதம் ஒன்றுதான்.

வீடு திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குழாயடியில் ரோசம்மாளிடம், வாத்தியார் சாயங்காலம் வருவார், மூன்று பேரையும் சொல்லிவிடு என்றாள். அவரிடம் எல்லாக் கொடியும் கணக்கில் இருக்கிறது என்றாள்.

குப்பமுத்து எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கம்மா போயிட்டே?"

"சீரங்கம்."

"கோயிலுக்கா?"

"ஒரு சோலி இருந்துச்சு. கையைக் காட்டு."

கீறல் காயத் தொடங்கியிருந்தது. அவனால் பிசைய முடியாது என்று சோற்றைத் தானே பிசைந்து அவனுடைய இடது கையில் வைத்தாள். இரண்டு கவளம் அவனுக்கு வைத்தபிறகு, மூன்றாவதைத் தன்னையறியாமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குப் பசித்துக்கொண்டிருந்தது.