பதினோராம் வரிசை விசில்

அந்த இசைத்தட்டின் கைதட்டலிலிருந்து முதலில் காணாமல் போனவர் தையல்காரர். பாட்டு முடிந்து எல்லோரும் தட்டி ஓய்ந்த பிறகு தனியாக ஒரே ஒரு தட்டு தட்டுவது அவர் வழக்கம். அரங்கத்தில் நேரடியாகப் பதிவான அந்தக் கச்சேரியிலும் அப்படித்தான் தட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் கேட்டபோது அது இல்லை. முள்ளைத் துடைத்து மறுபடி போட்டார்கள், அப்போதும் இல்லை. தையல்காரர் அன்று காலை பதினோரு மணிக்கு இறந்துபோன செய்தி மறுநாள்தான் வந்தது. நான்கு மாதம் கழித்து மருந்துக்கடை அம்மாளின் வளையல் சத்தம் போயிற்று. அடுத்த வருடம் முன்வரிசை வக்கீலின் இருமல் போயிற்று. இருமல் போனதில் பாட்டு முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது என்றாலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மொத்தம் முந்நூறே அச்சடித்த தட்டு அது. சிவப்பு லேபிள், அட்டையில் பாடகியின் படம் சற்றுக் கோணலாக ஒட்டியிருக்கும். கோணல் இல்லையென்றால் பின்னால் வந்த நகல், கையால் தொடாதீர்கள் என்பார் பல் டாக்டரம்மா. அவர் வீட்டில் கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் தட்டுகள் இருந்தன. பஸ் கண்டக்டரோ தட்டின் உள்விளிம்பில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தே எந்த வருடத்து அச்சு என்று சொல்லிவிடுவார். ஞாயிறுதோறும் இந்த இருவரும் ஆளுக்கொரு தட்டைக் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்காரரின் மாடிக்கு வருவார்கள். எழுத்து அட்டை மாட்டிய சுவருக்கும் லென்ஸ் அடுக்கிய மேசைக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்பார்கள். பாடும்போது மூச்சுவிடக் கூடாது. முடிந்த பிறகு சண்டை போடலாம். எந்தப் பதிவு உசத்தி, எந்த ஊரில் யார் பாட வருகிறார்கள் என்ற பேச்சில் பொழுது போவதே தெரியாது.

கண்ணாடிக்காரருக்கு அந்தத் தட்டில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது பாட்டின் கடைசி வரி அடங்கும் முன்பே பதினோராம் வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பும், இரண்டு விரலை நாக்கடியில் மடக்கி அடித்த விசில். அதன் வாலைப் பிடித்தாற்போல ஒரு ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இருடா" என்பது காதைத் தீட்டிக்கொண்டால் கேட்கும். விசில் அவருடைய தம்பி. அதட்டல் அவரேதான். அந்தத் தட்டை இருவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். ஒருநாள் முள் துள்ளுகிறதே என்று தம்பி அதன் தலையில் பாரத்துக்கு ஒரு காசை வைத்தான். முள் நாலாவது பாட்டை உழுதுவிட்டது. இசைப் பைத்தியங்களில் இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. தம்பி ஒப்புக்கொண்டான். "நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு? இனிமே இந்த ரூமுக்குள்ள காலை வைக்காத" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவன் ஊரையே விட்டுப் போனான். அண்ணி அப்போதுதான் ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அது நடந்த மறு வருடம்தான் தையல்காரரின் கைதட்டல் மறைந்தது. அதன்பிறகு கண்ணாடிக்காரர் ஞாயிறு தவறாமல் மூன்றாவது பாட்டுவரை போட்டுப் பார்ப்பார். விசில் வரும். "இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு முள்ளைத் தூக்கிவிடுவார். விஷயம் பரவி, வெளியூர்க்காரர்கள் மாடிப்படி ஏறி, இரண்டாம் வரிசையில் எங்கள் அப்பா இருக்கிறாரா பாருங்கள் என்று கேட்டுப் போனதும் உண்டு. நகராட்சி ஆபீஸ் மட்டும் அந்தத் தட்டை இறப்புச் சான்றுக்கு ஆதாரமாக ஏற்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஒருமுறை, தம்பி துறைமுகத்துப் பக்கம் ஒரு மைக்செட் கடையில் இருப்பதாகத் தகவல் வந்தது. கண்ணாடிக்காரர் ரயில் டிக்கெட்கூட எடுத்தார். ஆனால் அந்த ஞாயிறு விசில் கணீரென்று கேட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பிள்ளைகளின் கண்ணாடி வேலை தலைக்குமேல் கிடந்தது; ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், பிறகு போகலாம் என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிறகு என்பது பதினெட்டு வருடம் ஆயிற்று. "விசில் கேக்குது, விசில் கேக்குதுன்னு உக்காந்தே இருந்துட்டீங்க. போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்று அவர் மனைவி கேட்பாள்.

ஒரு ஞாயிறு கண்டக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். "டாக்டரம்மா, சேதி தெரியுமா? அவங்க பாட வராங்க! அதே ஹால்ல! கடைசிக் கச்சேரியாம், ரெக்கார்டும் பண்றாங்களாம்!" டாக்டரம்மா தலைகால் புரியாமல் கண்டக்டரின் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டார். கண்ணாடிக்காரர் பதினோராம் வரிசையில் பதினாலு, பதினைந்து என்று பழைய இடத்தையே எடுத்தார். எங்கே இருந்தாலும் இந்தக் கச்சேரிக்கு அவன் வராமல் இருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். கச்சேரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முள் துள்ள ஆரம்பித்தது. ஆயிரம் தடவை ஓடித் தேய்ந்த இடம் அது. விசில் வர வேண்டிய நேரத்தில் முள் தாவி அப்பால் விழுந்தது. மூன்று ஞாயிறு அவர் பொறுத்தார். நாலாவது ஞாயிறு, மற்றவர்கள் போன பிறகு, சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து முள்ளின் தலையில் வைத்தார்.

முள் துள்ளவில்லை. பாட்டு முடிந்தது. விசில் இருந்த இடத்தில் வெறும் இரைச்சல், அதன்பின் "சும்மா இருடா" என்று அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது அந்த இடம் வண்டித்தடம்போல் அகன்று கிடந்தது. தம்பி போய்விட்டதால் விசில் போயிற்றா, தான் வைத்த காசு அதை உழுதுவிட்டதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேறு பிரதி வைத்திருந்த மூவருக்கு டாக்டரம்மா எழுதிக் கேட்டார். இருவர் வீடு மாறியிருந்தார்கள். மூன்றாமவர் தன் தட்டை உறையிலிருந்து எடுப்பதே இல்லை என்று பெருமையாகப் பதில் போட்டார். "தேஞ்சிருக்கும் சார், வேற ஒண்ணும் இருக்காது" என்றார் கண்டக்டர். கண்ணாடிக்காரர் அன்று கடையைத் திறக்காமல், மனைவி பார்க்க, வாய்விட்டு அழுதார்.

கச்சேரிக்கு எழுநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது நூறு பேர். பதினைந்தாம் நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டு, கண்ணாடிக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. பாடகி முதல் பாட்டை முடித்ததும் அரங்கம் நிரம்பி வழிவதுபோல் கைதட்டல் எழுந்தது. அது ஓய்ந்த பிறகு ஆறாம் வரிசையின் காலி நாற்காலியிலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது. டாக்டரம்மாவும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டிலிருந்து போனவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போது விளங்கியது. பதினெட்டு வருடமாக விசிலுக்காகக் காத்திருந்த மனிதர், அது கேட்கவே கூடாது என்று இரண்டாவது பாட்டு முழுக்க வேண்டிக்கொண்டார். மூன்றாவது பாட்டில் காலி நாற்காலியின் பக்கம் குனிந்து, "நானும் காசு வச்சுட்டேன்டா" என்றார். பாடகியின் கடைசி வரி அடங்குமுன், கைக்குட்டை போட்டிருந்த இடத்திலிருந்து, இரண்டு விரலை மடக்கி அடித்த விசில் கிளம்பியது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "இன்னொரு தடவை அடிடா" என்றார். தம்பி அடித்தான்.

புதுத் தட்டு ஆறு மாதத்தில் வந்தது. நூறு பேருக்கு இவ்வளவு கைதட்டலா என்று கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை. நன்றாகப் பதிவாகியிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அட்டைப் படம் நேராக ஒட்டியிருப்பதில் டாக்டரம்மாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல். இந்தத் தட்டிலிருந்து இதுவரை யாருடைய சத்தமும் குறையவில்லை. ஞாயிறு மதியம் கண்ணாடிக்காரர் முள்ளை வைக்கிற சத்தம் கேட்டதும் மனைவி தட்டத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு மாடிக்கு வருவாள். ஆட்கள் நாலு பேர், டம்ளர் ஐந்து.

"தம்பி வந்தாச்சா?"

"மூணாவது பாட்டுக்குத்தான வருவான்."

"சரி, அப்பவே ஊத்துறேன். ஆறிடும்" என்று அவள் டீக் கெண்டியை மூடிவைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள்.