இருட்டில் மூன்று தும்மல்

இடைவேளைக்கு விளக்கு போட்டதும் சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டேன். மூன்று வரிசை முன்னால் அம்மா. அவள் பக்கத்தில் ஒரு ஆள்; இருட்டில் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்திருந்தது. அம்மா திரும்பினால் நான் செத்தேன். குனிந்தபடியே சித்திக்கு மெசேஜ் தட்டினேன்: "அம்மா யாரோ ஒரு ஆளோட சினிமாவுக்கு வந்திருக்கா. பயமா இருக்கு சித்தி."

என்மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் நேராகப் பேசி ஒரு வருஷம் ஆகிறது. நடுவில் நான்தான் தபால்காரி.

"கேஸ் தீந்துடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"காதுல விழுந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட அம்மா இன்று சாயங்காலம் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, "டெய்லர் கடைக்குப் போறேன்" என்றாள். கையில் துணியே இல்லை. பின்னாலேயே போனேன். அவள் நுழைந்தது சினிமா தியேட்டருக்குள்.

போஸ்டரில் ஒரு பஸ், நடுத்தர வயசில் ஒரு ஜோடி. கொட்டாவிதான் வரும் என்று நினைத்தேன். படத்தில் பொண்டாட்டி பஸ் டிரைவர். பிரிவது என்று முடிவாகிவிட்டது. கடைசி நாளில் புருஷன் அவள் பஸ்ஸில் ஏறிப் பின்சீட்டில் உட்காருகிறான். இறங்கவே மாட்டேன் என்கிறான். பாட்டு கிடையாது, கட்டிப்பிடிப்பது கிடையாது. அவள் கண்ணாடியில் அவனைப் பார்ப்பாள், அவ்வளவுதான். காதல் என்றால் ஓடிப்போவது என்றுதான் எனக்குத் தெரியும். பிரியும்போதும் அது இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. இடைவேளைக்குப் பிறகு உளவு பார்க்க வந்ததையே மறந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பஸ் டிப்போவுக்குள் நுழைகிறது. ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது அம்மா பக்கத்தில் இருந்த ஆள் தும்மினான். கூரை பிய்ந்துவிடுகிற மாதிரி மூன்று தும்மல். மூன்றாவது மட்டும் ஊளை.

அந்த ஊளை எனக்குத் தெரியும். "கதவச் சாத்திட்டுத் தும்மச் சொல்லு உங்கப்பாவ" என்று அம்மா தினமும் என்னை விரட்டுகிற தும்மல். நைட் ஷிப்ட் என்று கிளம்பிப் போன அப்பா!

அம்மா கைக்குட்டையை நீட்டினாள். "தொடச்சுக்கோங்க. இங்கயும் மானத்த வாங்கணுமா?"

"சாத்துறதுக்கு இங்க கதவு எங்கடி இருக்கு?"

இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் படம் முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகும் அவர்கள் எழவில்லை. சீட்டுக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்தேன். பிடித்த கையை விடவில்லை. அம்மா அழுதாள். அப்பா மெதுவாகச் சொன்னார்: "புள்ளகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

என்னத்தை?

நான் முந்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர்கள் தனித்தனியாக வந்தார்கள்.

"ஷிப்ட் கேன்சல்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"சாப்பாடு மூடி வச்சிருக்குன்னு சொல்லு." அம்மாவின் கண் மை கன்னம்வரை கரைந்திருந்தது.

இப்போது இரண்டு அறையிலும் விளக்கு அணைந்துவிட்டது. போர்வைக்குள் போனைக் காதில் வைத்துச் சித்தி வாய்ஸ் மெசேஜில் அனுப்பிய பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "நெருப்பில்லாம புகையுமா? நீ வாயத் தொறக்காத. காலையில சித்தப்பாவோட வந்து ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

சித்தியை நிறுத்த வேண்டுமென்றால், அந்த ஆள் அப்பாதான் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் உடனே துருவுவாள்: "அப்போ ரெண்டும் சேந்துடுச்சா?"

டிப்போவில் விளக்கு அணைந்தபோதும் அந்தப் புருஷன் பின்சீட்டிலேயே இருந்தான். இறங்கினானா என்று படத்தில் காட்டவே இல்லை.

இவர்கள் அங்கே போனது சேரவா, பிரியவா?