சரின்னு சொன்னாத்தான் இறக்கணும்

1

"தூக்காதீங்க, தூக்காதீங்கன்னு…"

"நீ முன்னாடி பிடிச்சிருக்க. முன்னாடி பாத்து நட."

"டாக்டர் சொன்னது உங்க காதுல…"

"டாக்டரா வந்து மேசை செய்யப்போறாரு?"

"இங்கயே வாசல்ல போட்டு ரெண்டா அறுத்துட்டு, உள்ள கொண்டுபோலாம்ங்கறேன்."

"நடுவுல ஒட்டுப் போட்ட மேசையை எவன் வாங்குவான்?"

கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். புத்தக அலமாரிக்கு அளவு சொல்லப் போயிருந்தேன். பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு முழு ப்ளைவுட் பலகை நின்றது. அதன் கீழே நான்கு கால்கள். பின்னால் இரண்டு குரல்கள்: தச்சர், அவர் மனைவி.

மற்றவர்களுக்குக் கதை முகமாக வரும், வெயிலாக வரும். எனக்குப் பேச்சாக மட்டும்தான் வரும். என் கதைகளில் யாருக்கும் கை கிடையாது, வாய்தான். "உங்க கதாநாயகி உக்காந்திருக்காளா, நிக்கிறாளா?" என்று ஒரு வாசகி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

2

ஆகவே இந்தத் தடவை கைகளை எழுதிவிடுவது என்று கிளம்பினேன்.

அவர் பலகையை அலாக்காகத் தூக்கித் தோளில்…

(அடித்துவிட்டேன். "தோள்லயா? இது என்ன துண்டா?" என்று பலகைக்குப் பின்னாலிருந்து தச்சரே கேட்டுவிட்டார்.)

சரியாகச் சொன்னால், பலகையை நிமிர்த்தி, ஒரு கை கீழ்விளிம்பில், மறுகை மேல்விளிம்பில். முன்னால் அவள், பின்னால் அவர். அவள் முதுகு அவருக்குத் தெரியும். அவர் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். இறக்க நினைப்பவர் "இறக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மற்றவர் "சரி" என்ற பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து குனிவார்கள். ஒருவர் மட்டும் குனிந்தால் பாரமெல்லாம் மற்றவர் இடுப்புக்குப் போய்விடும்.

அவர் இடுப்பைப் பற்றித்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார்: இன்னொரு தடவை பிசகினால் பட்டறையை மறந்துவிட வேண்டியதுதான்.

வாசலிலேயே இறக்கச் 'சரி' சொன்னால் தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். (இது என் ஊகம். அவர் சொன்னதென்னவோ "ஒட்டுப் போட்ட மேசையை எவன் வாங்குவான்?" மட்டும்தான்.)

3

முடிவுகள் யோசித்தேன்.

பலகை விழுகிறது. (வேண்டாம். அப்புறம் என் அலமாரியை யார் செய்வது?)

நான் ஓடிப்போய் நடுவில் தாங்குகிறேன். சிரிக்காதீர்கள். எனக்குப் பால் பாக்கெட்டே கனம்.

இன்னொன்று, அவர் கண்கலங்கி, "நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்மா, இனிமே…" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகைக்குப் பின்னால் ஒரு செருமல். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லையாம்.

4

"ஏங்க, அந்தம்மா இன்னுமா எழுதிட்டிருக்காங்க?"

"எழுதட்டும். அவங்களுக்கு என்ன, பேனாதானே."

"நாம தூக்கிட்டே நிக்கிறோமே!"

ஐயோ! வழக்கம், ஊகம், முடிவு என்று நான் நீட்டி முழக்கிய நேரமெல்லாம் இவர்கள் பலகையோடு நிற்கிறார்கள். கதையில் இவர்களுக்குக் கை கொடுத்தேனே தவிர, கொடுத்த கை வலிக்கும் என்று தோன்றவேயில்லை.

'சரி' என்று நானே அவருக்காக எழுதிவிடலாம். எழுதியும் பார்த்தேன். வாசித்தால் என் குரல்தான் கேட்டது. அதையும் அடித்தாயிற்று. உங்களுக்கு அவர் குரல் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம்.

"என்னங்க, மூச்சு ஒரு மாதிரியா வருது?"

"மரத்தூள்."

"பலகையை இன்னும் அறுக்கவே இல்லையே."

பின்பக்கத்துக் கால்கள் இரண்டும் கொஞ்சம் அகன்று நின்றன.

"உங்க கால் நடுங்குறது பலகை வழியா என் கைக்கு வருதுங்க. இறக்கலாமா?"