ஈயம் இல்லாத ஈயம்

மருந்துக் கிடங்கின் உறைகுளிர் அறையில் எச்சரிக்கை மணி அடிக்காமல் போனதற்குப் பற்றவைப்புக்காரியின் கைவேலைதான் காரணம் என்று மேலாளர் முடிவே கட்டிவிட்டார். மணிக்குப் போகும் கம்பியில் அவள் வைத்த ஈயப்பற்று, விரல் பட்டதும் சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்தது. நல்லவேளை, சோதனைக்காக மணியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தபோதே குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"துருப்பிடிச்ச ஈயத்தை எங்க தலையில கட்டிட்டீங்களேம்மா. திங்கக்கிழமை வேற ஆள் வந்து எல்லாத்தையும் மாத்திடுவான்."

"ஈயம் இப்படித் துருப்பிடிக்காது சார்."

"அப்ப உங்க கைதான் துருப்பிடிச்சிருக்கு."

அது சுருக்கென்று தைத்தது. இந்தக் கிடங்கு போனால் இன்னொன்று வரும். 'கை சரியில்லாதவள்' என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்புப் போட்டும் போகாது. ஒரு சிட்டிகைப் பொடியைத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு வெயிலோடு வீடு வந்தாள். கணவனிடம் காட்டத் திறந்தால் சாம்பல் நிறத்தைக் காணோம், வெள்ளியாக மினுங்கியது.

"இதுக்கா இவ்வளவு புலம்பல்? வெயில்ல வந்தா நமக்குத்தான் கறுக்கும், உன் ஈயம் வெளுத்துட்டு நிக்குது!"

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டு, கல்லூரியில் வேதியியல் நடத்தும் நாத்தனாருக்கு அப்போதே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

"எந்த ஈயம் அண்ணி? வெள்ளீயமா, விஷமுள்ள காரீயமா?"

"மருந்து இருக்கிற இடம், ஈயம் கலக்காத ஈயம் போடுங்கன்னு கிடங்குல சொன்னாங்க. உங்கண்ணன்தான் வாங்கிட்டு வந்தார்."

"கடைக்காரர் திருதிருன்னு முழிச்சார்," என்று கணவன் இடையில் புகுந்தான். "அப்புறம் சுத்தமான வெள்ளீயக் கட்டி குடுத்தார். சொக்கத்தங்கம் மாதிரின்னு நான் வேற பெருமைப்பட்டேன்."

"அந்தச் சுத்தம்தான்ணே வினை! வெள்ளீயத்துல அணுவெல்லாம் கூட்டுக்குடும்பம். எலக்ட்ரானைப் பொதுவுல போட்டு நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். கடுங்குளிர்ல மாசக்கணக்கா கிடந்தா தனிக்குடித்தனம் போயிடும். ஒவ்வொண்ணும் பக்கத்துல நாலு பேர் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு விலகி நிக்கும். இடம் பத்தாம வீங்கி, வெடிச்சு உதிர்ந்துடும். சூடு பட்டா மறுபடி கூட்டுக்குடும்பம்தான். ஆனா பொடிஞ்சது பொடிஞ்சதுதான்."

"பிரியாம இருக்க என்ன வழி?"

"கொஞ்சம் ஆண்டிமனி கலக்கணும். உங்கள மாதிரி ஒருத்தர் நடுவுல உக்காந்துட்டா எவன் அசைவான்?"

மறுநாள் காலை, பிளாஸ்கும் கரண்டியுமாகக் கிடங்கு வாசலில் நின்றாள்.

"என்னம்மா, டீ கொண்டாந்து சமாதானமா?"

"வெந்நீர் சார். கொஞ்சம் உள்ள வாங்க."

உறைகுளிர் அறையிலேயே பற்றைச் சுரண்டிப் பொடியைத் தட்டில் எடுத்தாள். கரண்டியின் முதுகால் அழுத்தச் சொன்னாள். மேலாளர் அழுத்தினார், குருணை நறநறவென்று மாவானது. மீதிப் பொடியை வெளியே கொண்டுவந்து, மேலே வெந்நீரை ஊற்றினாள். சாம்பல் கலைந்து வெள்ளி எட்டிப் பார்த்தது.

"இப்ப அழுத்துங்க."

இந்த முறை எதுவும் நொறுங்கவில்லை. குருணைகள் கரண்டிக்கடியில் தட்டையாகிப் பளபளத்தன. அவர் இன்னொரு முறை அழுத்தினார். பிறகு நகத்தால் கீறியும் பார்த்தார்.

"துரு இப்படி நசுங்காதே."

"அதேதான் சார். அத்தனையும் ஈயம். குளிர்ல அதோட கட்டுமானமே மாறிடுச்சு."

"அப்ப உங்க மேல தப்பே இல்லைங்கிறீங்க?"

"இருக்கு. சரக்கு நாங்க வாங்கினது. கையில தப்பில்ல." அவள் பையிலிருந்து புதுக் கட்டியை எடுத்து வைத்தாள். "இதுல ஆண்டிமனி இருக்கு. இதுலயும் பழைய கட்டியிலயும் ஒவ்வொரு துண்டு வெட்டி, அந்தச் சாம்பல் பொடியைத் தேய்ச்சு உள்ள போட்டு வைங்க. அம்மை மாதிரி தொத்திக்கிற பொடி அது, எது உதிருதுன்னு நீங்களே பாருங்க. அது வரைக்கும் நான் சும்மா இருக்கப் போறதில்ல. நான் வெச்ச பற்று ஒவ்வொண்ணையும் நானே எடுத்துட்டு நானே மறுபடி வைக்கிறேன்."

மேலாளர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "தம்பி, திங்கக்கிழமை வரவேணாம்ப்பா. இங்க ஆள் இருக்கு."

அவர் பேசி முடிப்பதற்குள் அவள் குளிர்ச்சட்டையை மாட்டியாயிற்று. பற்றவைப்புக் கோல் சூடேறிக்கொண்டிருந்தது.