ஒளிக்கு நின்றவர்கள்

2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் பன்னிரண்டாம் நாள், நகர நாடக அரங்கின் நிர்வாகக் குழு, மேடையின் இடப்பக்கச் சன்னலருகே நிற்கும் மூதாட்டியைப் பழைய விளக்கோடு சேர்த்து அப்புறப்படுத்துவதெனத் தீர்மானித்தது. இது அநியாயம். அம்மூதாட்டிதான் அவ்வரங்கின் மேடையமைப்பாளர், ஒளியமைப்பாளரும் அவரே. விளக்கு எரிந்தால் கண்ணிமைக்காமல் நிற்கிறார். அணைந்தால் அங்கே எவரும் இல்லை. அவரை அங்கிருந்து விடுவிக்கும் உரிமை உலகில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அந்த ஒருவரிடம் குழுவினர் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, தீர்மானத்தில் அவரைப் ‘பயன்பாடற்ற மேடைப்பொருள்’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறார்கள்.

அரங்கத்தில் அவருக்கு ஏணியக்கா என்று பெயர். சன்னற்சட்டம் செய்யும் தச்சர் ஒருவரின் மூத்த மகள். தந்தையின் பட்டறையில் மிஞ்சிய மரத்தைக் கொண்டு அவர் மேடையில் முதல் வீட்டைக் கட்டியபோது, அதன் கதவு திறந்து மூடியது என்பதையே ஊர் ஒரு வாரம் பேசியது. அதுவரை அங்கே கதவுகள் துணியில் வரையப்பட்டிருந்தன, நடிகர்கள் சுவரின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். பிறகு விளக்குகளும் அவர் கைக்கு வந்தன. நாளின் பெரும்பகுதியை ஏணியின் உச்சிப்படியில் கழித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு விளக்கும் எங்கே விழ வேண்டும் என்று குறிவைக்க, நடிகர் நிற்கப்போகும் இடத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒளிக்கு நிற்பது என்று இதற்குப் பெயர். நின்றால் நகரக்கூடாது; ஏணியின் மேலிருந்து ‘போதும்’ என்ற சொல் வரும்வரை தலையைக்கூடத் திருப்பக்கூடாது. நடிகர்களுக்கு இது பிடிக்காது. கதாநாயகர் ஒருமுறை தம் செருப்புகளை அனுப்பிவைத்து, “இது நின்னா நான் நின்ன மாதிரிதான்” என்று சொல்லிவிட்டார். செருப்புக்கு முகம் இல்லை. ஆகவே, தையற்கடையில் வேலை பார்த்த தங்கை, தனக்குக் கிடைக்கும் அரைநாள் விடுப்பில் வந்து அக்காவுக்காக நின்றாள். அசையாமல் நிற்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அன்று இடப்பக்கச் சன்னலில் விடியற்காலை வர வேண்டியிருந்தது. நெடுநேரமாக விளக்கைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார் ஏணியக்கா.

“அக்கா, கால் மரத்துப் போச்சு. உன் நடிகைக்குக் கைதட்டு, எனக்குக் கால்வலியா?”

“அசையாதடி. இப்பதான் உன் மூஞ்சில விடியுது.”

“ஐயோ, இதை அவர்கிட்ட சொல்லணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து விடியவே இல்லைன்னு புலம்பிக்கிட்டிருக்கார்.”

இருவரும் சிரித்தார்கள். அந்நேரம் பார்த்து மேடையின் மறுபக்கத்தில் மரப்படிக்கட்டு முறிந்து கதாநாயகர் விழுந்தார்; இயக்குநர் அரங்கம் அதிரக் கத்தினார். ஏணியக்கா இறங்கி ஓடினார். படிக்கட்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் பார்வையாளர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். சொல்ல வேண்டிய சொல் சொல்லப்படவில்லை.

திரை விலகியது. இரண்டாம் காட்சியில் விடிந்தது. சன்னலருகே தங்கை நின்றுகொண்டிருந்தாள். தன்னை மட்டந்தட்டப் புதியவள் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்த கதாநாயகி, தன் வசனங்களை இரு மடங்கு உரக்கப் பேசினாள். பேசாத அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்வையாளர்கள் அழுதார்கள். அப்படி ஒரு பாத்திரத்தை எழுதியிராத நாடகாசிரியர், அதை எழுதத் தமக்கு ஓராண்டு பிடித்தது என்று நிருபர்களிடம் கூறினார்.

தங்கையின் கணவர் பேருந்து நடத்துநர். அன்றிரவு பணி முடிந்து மனைவியை அழைத்துப்போக வந்தவர், வாசலில் காத்திருந்து சலித்து உள்ளே வந்தார். அப்போதுதான் ஏணியக்காவுக்கு நெஞ்சில் உறைத்தது. விளக்கைப் போட்டார், அவள் நின்றாள். அணைத்தார், வெறும் பலகைதான் இருந்தது. மீண்டும் போட்டார். கணவர் கூப்பிட்டார், கையை நீட்டினார். கை அவளைத் தொடாமல் வெளிச்சத்தின் சூட்டை மட்டும் தொட்டது. அவளுடைய மூக்கினருகே தூசி மட்டும் மெல்ல விலகி விலகிக் கூடியது.

“அக்கா, அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க.”

“விளக்கை அணைச்சா அவ இல்லையே, தம்பி. நான் சொன்னா வீட்டுக்கு வருவாளா, இருட்டுக்குள்ள போயிடுவாளா? தெரியாம எப்படிச் சொல்றது?”

“நாளைக்கும் நாடகம் இருக்கு. அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.”

அச்சமும் உண்மை, மறுநாள் நாடகமும் உண்மை. இரண்டில் எது பெரியது என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளாமல் ஆண்டுகள் போயின. அந்த நாடகம் முடிந்து அடுத்தது வந்தது. நீதிமன்ற நாடகத்தில் தங்கை சாட்சியானாள். போர் நாடகத்தில் கைம்பெண்ணானாள். நகைச்சுவை நாடகம் ஒன்றில் அவள் தோளருகே துண்டை வீசினார்கள், அது தரையில் விழுந்ததற்கே சிரித்தார்கள். ஏணியக்கா கட்டிய அரண்மனைக்கும் சிறைக்கும் கப்பலுக்கும் இடப்பக்கத்தில் ஒரு சன்னல் இருந்தது. அதை அவருடைய பாணி என்று புகழ்ந்து பரிசுகள் அளித்தார்கள். அதன்பின் அவர் எவரையும் ஒளிக்கு நிற்கவிட்டதில்லை. கோட்டு மாட்டும் கட்டையையே நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லையும் வாயிலிருந்து விலக்கிவிட்டார். விருந்து வீடுகளில் பரிமாறுகிறவர்களுக்குக் கையால் தட்டை மூடிக் காட்டுவார். அவர்கள் கவனிக்காவிட்டால் வைத்ததையெல்லாம் உண்பார். இப்படி உடம்பு பெருத்து ஏணிப்படிகள் முனகத் தொடங்கின.

நடத்துநர் விடுப்பு நாள்தோறும் முதல் வரிசையின் இடக்கோடியில் வந்து அமர்ந்தார். காட்சி மாறும் இடைவெளியில் மேடையை நோக்கித் தாழ்ந்த குரலில் வீட்டுச் செய்திகளைச் சொல்வார்: குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, பக்கத்து வீட்டார் காலிசெய்துவிட்டார்கள், புது வழித்தடத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் அவரை அதட்டுவதில்லை. அவர் தலை நரைத்தது, பிறகு வழுக்கையானது. அவள் அன்று வந்தபோதிருந்த பாதி பின்னிய சடையோடு நின்றாள். முதலில் வாரந்தோறும் ஏணியக்காவிடம் மன்றாடியவர், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கேட்டார், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்.

அதுதான் ஏணியக்காவைக் கலக்கியது. ஒத்திகையற்ற ஒரு பிற்பகலில், ஓய்வுபெற்ற நடத்துநர் சீருடையின்றி வந்து அமர்ந்திருந்தபோது, ஏணியின் உச்சியிலிருந்து அந்த வழுக்கைத் தலையையும் சன்னலருகே இருந்த இளம்முகத்தையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு, “போதும்” என்றார்.

தங்கை மூச்சை விட்டாள். தோளை உலுக்கிக்கொண்டு மேடைப்படியில் இறங்கினாள். முதல் வரிசையில் இருந்தவரைக் கண்டதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். தன் மாமனார் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

“மாமா, நீங்க எப்ப ஊர்லேர்ந்து வந்தீங்க? அவர் வரலையா?”

நடத்துநர் இருக்கையிலிருந்து எழுந்தார். “வந்துட்டான்மா. வீட்ல இருக்கான். வா, போகலாம்” என்றார். வயதில் தடித்துப்போயிருந்த குரல் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுச் சுவரிலிருந்த மாமனாரின் படத்துக்கும் அருகே நின்றவரின் முகத்துக்கும் இடையே அவள் நெடுநேரம் மாறிமாறிப் பார்த்த பிறகே, அவர் அழுதார்.

அவர்கள் வெளியேறியதும் ஏணியக்கா கீழே இறங்கினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் நேரே சென்று தங்கை நின்ற இடத்தில் நின்று முகத்தை நிமிர்த்தினார். குற்றவுணர்ச்சி என்கிறார்கள் நடிகர்கள். திரை இழுப்பவர் அதை ஏற்பதில்லை: “அட போங்க, அங்கேர்ந்து எப்படித் தெரியுதுன்னு பாக்கப் போனாங்க, அவ்வளவுதான்.” ஒளியமைப்பவர் தம் ஒளியை ஒருநாளும் உள்ளிருந்து பார்ப்பதில்லை என்பது மெய்தான். எவ்வாறாயினும், ஏணியின் மேல் அப்போது ஆள் இல்லை.

மறுநாள் விடியற்காட்சியில் அவர் நின்றார், இன்றும் நிற்கிறார். தங்கை ஒவ்வொரு நாடகத்துக்கும் கணவரோடு வந்து அந்த இடக்கோடியில் அமர்கிறாள். ஏணி அதே இடத்தில்தான் சாத்தியிருக்கிறது. ஏறிச் சொல்ல அவளால் முடியும்.

“சொல்லிடேன், பாவம்” என்கிறார் கணவர்.

“பாவம் நீங்கதான். அங்க நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. எறங்கணும்னே தோணாது. அவ்வளவு வெளிச்சம்.”

“அப்ப எப்பதான் சொல்லப் போற?”

“நான் இன்னும் கோவமா இருக்கேன். கோவம் போகட்டும், ஏறுறேன்.”

அந்தக் கோபம் அவளுக்கு உரியது. எப்போது தணிய வேண்டும் என்பதும் அவளுக்கே உரியது. தன் வாழ்நாளால் அவள் ஈட்டிய உரிமை அது. அதைக் குழுவினர் விளக்கின் கம்பியைப் பிடுங்கி முடித்துவிடப் பார்க்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அரங்க உறுப்பினர்களான உங்களை வரவழைத்து அத்தீர்மானத்துக்கு ஒப்புதல் கேட்பார்கள். செல்லுங்கள், அமருங்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கையை மட்டும் உயர்த்தாதீர்கள்.